‘ஹூஸ்’ என்னும் சிறுசொல்லும் நம் வீட்டுத் தமிழும்

(ஐரோலியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையில் ஏறுகின்றவர்கள் தமிழின் தொன்மையையும் இனிமையையும் பேசுவது வழக்கம். அவற்றைப் பேச வல்லவர்கள் எனக்குப் பின் பேச இருக்கிறார்கள். நானோ இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘ஹூஸ்’ என்பது அந்தச் சொல். ‘எவருடைய’ என்பது அதன் பொருள். தமிழ்ச் சங்கத்து மேடையில் ஆங்கில இலக்கணத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே தீர்ப்பு வழங்குங்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு சிறுமி, கண் கலங்கிய முகத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஆங்கிலக் கட்டுரை ஏடு. அதில் தன் தோழியைப் பற்றி எழுதியிருந்தாள். ‘மை ஃபிரெண்ட் இஸ் எ கேர்ள் ஹெர் ஃபாதர் இஸ் எ டிரைவர்’ என்பது முதல் வரி. அதன் மேல் சிவப்பு மையால் நீண்ட ஒரு கோடு. வகுப்பில் அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார்களாம், பிள்ளைகள் சிரித்தார்களாம். குழந்தை அழுததில் வியப்பில்லை. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது அவள் தாய் சொன்ன சொல்லே. “அண்ணாச்சி, எல்லாம் நாங்கள் வீட்டில் தமிழ் பேசுவதனால் வந்த வினை. நாளை முதல் வீட்டில் இங்கிலீஷ்தான், தமிழ் வேண்டாம்” என்றார் அந்த அம்மையார்.

ஒரு சிவப்புக் கோடு ஒரு வீட்டிலிருந்து ஒரு மொழியையே வெளியேற்றிவிடப் பார்க்கிறது! எண்ணிப் பாருங்கள். அந்தத் தாயின் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தன் மகள் நாலு பேர் நடுவே தலைகுனியக் கூடாது என்று எந்தத் தாய்தான் விரும்பமாட்டாள்? ஆனால் நோயை அறியாமல் மருந்து கொடுத்தால் பிழைப்பது அரிது. ஆகவே நோய் எது என்று முதலில் பார்ப்போம்.

அந்தக் குழந்தையை நான் கேட்டேன்: “இதையே தமிழில் எப்படிச் சொல்லுவாய், அம்மா?” அவள் உடனே சொன்னாள்: “அப்பா டிரைவராக இருக்கிற பெண்.” பிழையற்ற தமிழ், அழகான தமிழ். இந்தத் தொடரில் ‘உடைய’ என்ற சொல் எங்கே இருக்கிறது? இல்லை. ‘எவளுடைய’ என்ற சொல் எங்கே இருக்கிறது? அதுவும் இல்லை. யாருடைய அப்பா என்று நாம் கேட்பதும் இல்லை. ‘அப்பா டிரைவராக இருக்கிற’ என்ற தொடர் ‘பெண்’ என்ற சொல்லோடு சேர்ந்த அளவிலேயே, அது அவளுடைய அப்பாதான் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. தமிழ் இந்த உறவைச் சொல்லாமல் சொல்கிறது. ஆங்கிலமோ வாய்விட்டுச் சொன்னாலன்றி ஒப்புக்கொள்ளாது. அந்த உறவை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லும் சொல்லே ‘ஹூஸ்’ என்பது.

குழந்தை செய்தது என்ன? தமிழில் இல்லாத ஒரு சொல் ஆங்கிலத்தில் வேண்டும் என்று அவளுக்கு உள்ளுணர்வு சொல்லியிருக்கிறது. ‘அவளுடைய’ என்ற பொருளில் ‘ஹெர்’ என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டாள். இடம் சரி; பொருள் சரி; சொல் ஒன்றுதான் மாற வேண்டும். ‘ஹெர்’ இருந்த இடத்தில் ‘ஹூஸ்’ வந்துவிட்டால் அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. முக்கால் வழி நடந்து வந்த குழந்தையைப் பார்த்து, ‘நீ புறப்படவே இல்லை’ என்று சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இது அந்தக் குழந்தையின் தனிக் குறையா? அன்று. நம் மொழிக் குடும்பத்தின் இயல்பு அது. 1856ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, இம்மொழிகள் வடமொழியினின்றும் வேறுபடும் இடங்களை எடுத்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று இது. இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் ‘ஹூ’, ‘விச்’, ‘ஹூஸ்’ போன்ற இணைப்புப் பெயர்கள் இம்மொழிகளில் இல்லை. அவற்றின் வேலையை எச்சங்களே செய்கின்றன என்றார் அவர். பள்ளியில் நாம் ‘பெயரெச்சம்’ என்று படித்தோமே, அதுதான். வந்த பையன், வருகிற பையன், வரும் பையன் என்பவற்றில் உள்ள வந்த, வருகிற, வரும் என்பவை.

பெயரெச்சத்தின் ஆற்றல் பெரிது. ‘சமைத்த’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த பெண் என்றால் செய்தவளைக் குறிக்கும். சமைத்த பானை என்றால் கருவி. சமைத்த அடுப்படி என்றால் இடம். சமைத்த சமையல் என்றால் தொழில். சமைத்த நாள் என்றால் காலம். சமைத்த சோறு என்றால் செய்யப்பட்ட பொருள். இந்த ஆறையும் ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் ‘ஹூ’ என்றும், ‘வித் விச்’ என்றும், ‘வேர்’ என்றும், ‘வென்’ என்றும் வெவ்வேறு சொற்களைத் தேடி ஓட வேண்டும். நமக்கோ ஒரே சொல்! இந்த ஆறு பொருளையும் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார், நன்னூலார் வழிமொழிந்திருக்கிறார்.

ஆனால் கூர்ந்து பாருங்கள். அந்த ஆறில் ‘உடையவன்’ இல்லை. ‘கால் ஒடிந்த நாற்காலி’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஒடிந்தது எது? கால். ‘ஒடிந்த’ என்பதோ நாற்காலியைப் போய்த் தழுவுகிறது. நாற்காலி ஒடித்ததும் அன்று. ஒடிக்கப்பட்ட முழுப் பொருளும் அன்று. அது காலை உடைய பொருள். இதற்கு இலக்கணம் எது? உறுப்பின் வினை அந்த உறுப்போடும் முடியலாம், அந்த உறுப்பை உடைய முதற்பொருளோடும் முடியலாம் என்று நன்னூலார் வினையியலில் ஒரு விதி சொல்கிறார். கை ஒடிந்து விழுந்தான் என்கிறோம். ஒடிந்தது கை, விழுந்தவன் ஆள். சினையின் வினை முதலைச் சேர்ந்துவிட்டது. கால் ஒடிந்த நாற்காலியும் இந்த வழியில் வந்ததே என்பது என் கருத்து. பின்னர் வழக்கில் அது உறுப்பைக் கடந்து உறவுக்கும் உடைமைக்கும் பரவி நிற்கிறது. ‘மகன் துபாயில் இருக்கிற தாய்’, ‘குடை தொலைந்த மாணவன்’, ‘கூரை பறந்த வீடு’ ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு ‘ஹூஸ்’ ஒளிந்திருக்கிறது.

வெளியே சென்று பார்த்தாலும் இதே காட்சிதான். தானே கழிமுகத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றனவே, 2015இல் அந்தக் கழிமுகத்தில் ஒரு பகுதியைப் பூநாரைப் புகலிடமாக மாநில அரசு அறிவித்ததே, அந்தப் பறவைகளை நம் பிள்ளைகள் என்ன சொல்லிக் காட்டுகிறார்கள்? ‘கால் நீண்ட பறவை’, ‘இறகு சிவந்த பறவை’ என்கிறார்கள். ஐரோலியிலிருந்து புறப்படும் பாலத்தை, ‘மறுமுனை முலுண்டில் இருக்கிற பாலம்’ என்கிறார்கள். எல்லாம் ‘ஹூஸ்’தான். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கருத்து புதிதன்று. அதற்கென ஆங்கிலம் வைத்திருக்கும் சொல்தான் புதிது.

இவ்வளவு சொன்னதனால், தமிழ் எல்லாவற்றையும் இரண்டே சொல்லில் முடித்துவிடும் என்று நான் பெருமை பேசுவதாக எண்ணிவிடாதீர்கள். பெருமை வேறு; உண்மை வேறு. சொல்லாமல் சொல்லும் வழியில் ஓர் இடர் உண்டு. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மும்பைக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராய்ச் சேர்ந்தேன். ஊரில் தமிழ் வழியில் படித்தவன். தட்டெழுத்துத் தெரியும் என்ற ஒரே தகுதியில் வேலை கிடைத்தது. ஒரு நாள் மேலாளர் என்னை அழைத்து, எங்கள் ஏஜண்டு ஒருவர் ஒரு வாடிக்கைக்காரரைப் பற்றிப் புகார் எழுதியிருப்பதாகவும், அது குறித்துத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதும்படியும் சொன்னார். நான் மனத்துக்குள் தமிழில் எண்ணினேன்: ‘ஏஜண்டு புகார் எழுதிய வாடிக்கைக்காரர்’. இத்தொடரில் குற்றம் ஏதும் இல்லை. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, அப்பொழுதுதான் கற்ற பெருமையோடு, ‘தி கஸ்டமர் ஹூஸ் ஏஜண்ட் கம்ப்ளெய்ண்ட்’ என்று தட்டிவிட்டேன். யாருடைய ஏஜண்டு? எங்களுடைய ஏஜண்டு. நான் எழுதியதோ, அந்த வாடிக்கைக்காரருடைய ஏஜண்டு புகார் செய்தார் என்று. புகாருக்கு ஆளானவர் புகார் செய்தவராய் மாறிவிட்டார். தலைமை அலுவலகம் அவருக்கு மிகுந்த பணிவோடு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவைத்தது!

மேலாளர் என்னை என்ன சொன்னார் என்பதை இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து உட்கார்ந்தேன். நம்மில் மூத்தவர்கள் பலர் கையில் ஒரு காலத்தில் இருந்த ரென் – மார்ட்டின் புத்தகம்தான் அது. அப்பொழுதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ‘ஏஜண்டு புகார் எழுதிய வாடிக்கைக்காரர்’ என்ற தமிழ்த் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. எவரைப் பற்றி ஏஜண்டு புகார் எழுதினாரோ அவர் என்பது ஒன்று. எவருடைய ஏஜண்டு புகார் எழுதினாரோ அவர் என்பது மற்றொன்று. சூழ்நிலை தெரிந்த நமக்குள் பேசும்போது ஐயம் எழுவதில்லை. சூழ்நிலை தெரியாதவருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழ் நம் ஊகத்துக்கு விட்டதை ஆங்கிலம் நம் பொறுப்பில் விடுகிறது.

இன்னும் ஓர் இடத்தில் தமிழ் எச்சம் தயங்கி நிற்கும். ‘சைக்கிள் உடைந்த பையன்’ என்றால் சரி. அங்கே சைக்கிள் எழுவாய். ‘நான் சைக்கிளைப் பழுதுபார்த்த பையன்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறுகிறது. உடைமைப் பொருள் எழுவாயாய் நிற்கும்வரை எச்சம் ஓடும். அது செயப்படுபொருளாய் மாறி, செய்பவர் வேறொருவராய் வந்துவிட்டால் எச்சம் நொண்டும். அப்பொழுது நாம் என்ன செய்கிறோம்? ‘எவனுடைய சைக்கிளை நான் பழுதுபார்த்தேனோ அந்தப் பையன்’ என்று நீட்டிச் சொல்கிறோம். அல்லது ‘ஒரு பையனுடைய சைக்கிளைப் பழுதுபார்த்தேனே, அவன்’ என்று இரண்டாக உடைத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கோ இந்தத் தடையில்லை. ‘தி பாய் ஹூஸ் சைக்கிள் ஐ ரிப்பேர்ட்’ என்று ஒரே ஓட்டமாக ஓடிவிடும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மேடு, ஒரு பள்ளம். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று அறிந்தவன் இரண்டு மொழியிலும் தடுக்கி விழமாட்டான்.

‘எவனுடைய… அவன்’ என்ற அந்த நீண்ட வழியைக் கேட்டவுடன் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். மராத்தி! 2020ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாய பாடமாக்கிச் சட்டம் இயற்றியது. ஆகவே நம் பிள்ளைகள் மராத்தி எழுதப் படிக்கக் கற்கிறார்கள். தெருவில் சரளமாகப் பேசவும் செய்கிறார்கள். ‘ஜ்யா முலாச்சே வடீல் ரேல்வேத் காம் கர்தாத், தோ முல்கா’ என்று அவர்கள் சொல்வார்கள். எந்தப் பையனுடைய தந்தை ரயில்வேயில் வேலை செய்கிறாரோ அந்தப் பையன் என்பது பொருள். இந்தியிலும் ‘ஜிஸ் லட்கே கே பிதா’ என்று தொடங்கி ‘வஹ் லட்கா’ என்று முடிப்பார்கள். இவ்விரு மொழிகளிலும் ‘எவனுடைய’ என்பதற்குச் சொல் உண்டு, வாய்விட்டே சொல்கிறார்கள். ஆகவே ‘ஹூஸ்’ என்னும் கதவுக்கு நம் பிள்ளைகள் கையில் இரண்டு சாவிகள் இருக்கின்றன. பொருளைத் திறக்கத் தமிழ். வடிவத்தைத் திறக்க மராத்தி. நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூரில் படித்த எனக்கு இரண்டாம் சாவி இல்லை. ஐரோலியில் பிறந்த இவர்களுக்கு இருக்கிறது. இது குறையா, பேறா? நீங்களே சொல்லுங்கள்.

இனி, பெற்றோர்க்குப் பயன்படும் வகையில் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஆங்கிலப் பேராசிரியர்களாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் பிள்ளையின் ஏட்டைத் திருப்பும்போது இவற்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது, இரண்டு சிறு வாக்கியங்களாகத் தொடங்குங்கள். ‘நான் ஒரு பையனைக் கண்டேன். அவனுடைய சைக்கிள் உடைந்துவிட்டது.’ ஆங்கிலத்தில், ‘ஐ மெட் எ பாய். ஹிஸ் சைக்கிள் வாஸ் புரோக்கன்.’ இப்பொழுது முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு, ‘ஹிஸ்’ என்பதன் இடத்தில் ‘ஹூஸ்’ வைக்கச் சொல்லுங்கள். ‘ஐ மெட் எ பாய் ஹூஸ் சைக்கிள் வாஸ் புரோக்கன்.’ வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ‘ஹிஸ்’, ‘ஹெர்’, ‘இட்ஸ்’, ‘தேர்’ என்னும் நான்குக்கும் இந்த ஒரே சொல். ஆண், பெண், ஒருமை, பன்மை என்ற வேறுபாடு இல்லை. மராத்தியில் ஆணுக்கு ‘ஜ்யாச்சா’, பெண்ணுக்கு ‘ஜிச்சா’ என்று மாற்ற வேண்டும்; இங்கே அந்தத் தொல்லையும் இல்லை.

இரண்டாவது, ‘ஹூஸ்’ வந்தபின் உடைமைப் பொருள் உடனே வரவேண்டும். இடையில் ‘தி’ வரக்கூடாது. ‘ஹிஸ்’, ‘ஹெர்’ என்று மறுபடியும் ஒன்று வரக்கூடாது. ஒரு மாட்டுக்கு இரண்டு மூக்கணாங்கயிறு எதற்கு?

மூன்றாவது, உடைமைப் பொருள் செயப்படுபொருளாய் இருந்தால் அதைத் தூக்கி முன்னே கொண்டுவர வேண்டும். ‘ஐ ரிப்பேர்ட் ஹிஸ் சைக்கிள்’ என்பது ‘ஹூஸ் சைக்கிள் ஐ ரிப்பேர்ட்’ என்று ஆகும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். காரணம் முன்பே சொன்னேன். தமிழ் எச்சமும் நொண்டுகிற இடம் இதுவே.

நான்காவது, ஒலியால் வரும் மயக்கம். ‘ஹூ இஸ்’ என்ற இரண்டு சொற்களைச் சுருக்கி, மேலே ஒரு சிறு கொக்கி போட்டு எழுதுவார்கள். காதுக்கு அதுவும் ‘ஹூஸ்’ போலவே கேட்கும், எழுத்து வேறு. ஐயம் வந்தால் விரித்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘ஹூ இஸ்’ என்றோ ‘ஹூ ஹேஸ்’ என்றோ விரித்தபோது பொருள் நின்றால் கொக்கி வேண்டும். நில்லாவிட்டால் கொக்கி வேண்டாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாக உடையவர்களும் இதில் தவறுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி ஆறுதல் அளியுங்கள்.

ஐந்தாவது, ‘ஹூஸ்’ மனிதர்க்கு மட்டுமே உரியது, பொருள்களுக்கு ‘ஆஃப் விச்’ என்றே எழுதவேண்டும் என்று சிலர் கற்பிப்பது உண்டு. அது அவ்வளவு கண்டிப்பான விதியன்று. பழைய ஆங்கிலத்தில் ‘யார்’ என்ற சொல்லுக்கும் ‘எது’ என்ற சொல்லுக்கும் ஆறாம் வேற்றுமை வடிவம் ஒன்றாகவே இருந்தது. அதிலிருந்து வந்ததே இன்றைய ‘ஹூஸ்’. மில்டன் 1667இல் வெளியிட்ட ‘இழந்த சொர்க்கம்’ என்னும் காப்பியத்தின் தொடக்க வரிகளிலேயே, மரத்தையும் கனியையும் பேசுமிடத்தில் ‘ஹூஸ்’ வந்திருக்கிறது. ஆகவே மறுமுனை முலுண்டில் இருக்கிற பாலத்துக்கு நம் பிள்ளை ‘ஹூஸ்’ போட்டு எழுதினால் அஞ்ச வேண்டாம். மில்டன் துணை நிற்பார்.

ஆறாவது, காற்புள்ளி. இது சிறியது, ஆனால் சொத்தையே புரட்டவல்லது. ‘மகன் டாக்டராக இருக்கும் என் தம்பி’ என்று தமிழில் சொன்னால், எனக்குத் தம்பி ஒருவரா பலரா என்பது விளங்காது. ஆங்கிலத்தில் ‘மை பிரதர்’ என்பதற்கும் ‘ஹூஸ்’ என்பதற்கும் இடையே காற்புள்ளி இல்லாவிட்டால், பல தம்பியருள் மகன் டாக்டராக இருக்கும் அந்த ஒருவர் என்று பொருள். காற்புள்ளி இருந்தால், எனக்கு ஒரே தம்பி. அவர் மகன் டாக்டர் என்பது கூடுதல் செய்தி. உயில், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றில் கையெழுத்திடும் முன் இதை நினைவில் வையுங்கள். நாம் இட மறந்த ஒரு புள்ளி நமக்குப் பின் வருகிறவர்களை நீதிமன்றப் படியேற வைக்கலாம்.

அன்பர்களே! இந்த ஆறும் அறிந்துகொள்ள அரை மணிப் பொழுது போதும். ஆனால் இவற்றை விளக்க எனக்கு எந்த மொழி துணை நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். எழுவாய், செயப்படுபொருள், சினை, முதல், ஆறாம் வேற்றுமை, எச்சம் ஆகிய இந்தச் சொற்கள் எல்லாம் என் தமிழாசிரியர் தந்தவை. தமிழ் இலக்கணத்தைக் கற்றவனுக்கு ஆங்கில இலக்கணம் அயலான் வீடன்று, அடுத்த வீடு. தாய்மொழியில் ஒரு பொருளை எண்ணிப் பழகிய பிள்ளைக்கு, அதே பொருளை இன்னொரு மொழியில் சொல்ல ஒரு சொல்தான் குறையும். எண்ணவே ஒரு மொழி இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கோ எல்லாமே குறையும். அரைகுறை ஆங்கிலத்தை வீட்டில் பேசி, முழுத் தமிழைக் கைவிட்டால், பிள்ளைக்குக் கிடைப்பது எது? நம்முடைய பிழைகள்தாம் கிடைக்கும். நாம் ‘ஹூஸ்’ போட மறந்த இடத்தில் அவர்களும் மறப்பார்கள். திருத்துவதற்குத் தமிழும் இராது.

அந்தச் சிறுமியின் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மறுநாள் மாலை அவளும் தாயும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். நாள்தோறும் ஒரு தமிழ்த் தொடர். அதை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். கொம்பு உடைந்த மாடு, வாசல் கிழக்கே பார்த்த வீடு, பெயர் மறந்துபோன ஊர் என்று ஒவ்வொன்றாகப் போட்டோம். ஒரு வாரம் சென்றிருக்கும். படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். “மாமா, ‘ஜ்யா முலீச்சே வடீல் காடி சாலவ்தாத், தீ முல்கீ’ என்று சொல்கிறோமே, அந்த ‘ஜ்யா… ச்சே’ தானே இந்த ‘ஹூஸ்’? தமிழில் மட்டும் ஏன் அது மறைந்து நிற்கிறது?” என்று கேட்டாள். பண்டிதர் கால்டுவெல் கண்ட வேறுபாட்டை, நம் ஐரோலிப் படிக்கட்டில் ஒரு பள்ளிச் சிறுமி தானே கண்டுபிடித்துவிட்டாள்! மூன்று மொழி அறிந்த பிள்ளைதான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். ஒரு மொழியை வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தால் இந்தக் கேள்வியும் பிறந்திராது.

அந்த அம்மையார் வீட்டில் இன்றும் தமிழ்தான். ஞாயிறுதோறும் ஊரில் உள்ள பாட்டியோடு அந்தக் குழந்தை தொலைபேசியில் பேசுகிறாள். பூநாரையைப் பற்றிச் சொல்கிறாள்; பாலத்தைப் பற்றிச் சொல்கிறாள்; பாட்டி ‘உம்’ கொட்டிக் கேட்கிறாள். ஏட்டிலும் இப்பொழுது அந்த இடத்தில் சிவப்புக் கோடு விழுவதில்லை.

நிறைவாக ஒரு பயிற்சி தந்து அமர்கிறேன். குழந்தைகளே, இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘பேத்தி தமிழ் அறியாத பாட்டி.’ ‘எ கிராண்ட்மதர் ஹூஸ் கிராண்ட்டாட்டர் டஸ் நாட் நோ தமிழ்.’ இலக்கணம் சரிதான். ஒரு பிழையும் இல்லை. ஆனால் பெற்றோர்களே, தாய்மார்களே, அத்தொடர் ஏட்டில் மட்டும் இருக்கட்டும். நம் குடியிருப்பின் எந்த வீட்டுக்கும், ஊரில் நமக்காகக் காத்திருக்கும் எந்தப் பாட்டிக்கும் அது பொருந்தாதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.